இரண்டு மணி பத்து நிமிடம்

மேடையில் வீற்றிருக்கும் ஆலைத் தலைவர் அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, ஷிப்டு முடிந்து காகிதக் கூழ் வாடையோடு நேராக இங்கே வந்து நிற்கும் தொழிலாளர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கருவிப் பிரிவின் தலைமைப் பொறியாளர், நம் கடிகார அக்கா, மறைந்துவிட்டார். இந்தக் காகித ஆலையின் உற்பத்தி மேலாளராக இருபது ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தவன் நான். அவரைப் புகழ எனக்குத் தகுதி உண்டா? இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் பிற்பகல் மூன்று இருபதுக்கு, கலவையில் ரசாயனம் கூடிப்போய்க் காகிதம் முழுக்கப் புள்ளி விழுந்தது. பதினோரு உருளை வீண். கலந்த கூழ் காகிதமாக வர அரை மணி நேரம் என்பது நம் கணினிப் பதிவில் இருந்த கணக்கு. அப்படியானால் இரண்டு ஐம்பதுக்குக் கலவை அறையில் இருந்தது யார்? இரண்டு மணி ஷிப்டுக்கு வந்த நம் மீசைக்காரர். அவரை வேலையை விட்டு நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான். "சார், நான் எதையும் தொடவே இல்ல சார்" என்றார் அவர். எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன்.

அக்கா மட்டும் கேட்டார்: "அந்த அரை மணிய யாரு அளந்தது?"

யாருமே அளக்கவில்லை. பெரிய தொட்டி கட்டுவதற்கு முன்பு எப்போதோ எழுதி வைத்த எண் அது. மறுநாள் காலை கலவையில் நீலச் சாயத்தை ஊற்றிவிட்டு, காகிதம் வெளிவரும் முனையில் கடிகாரத்தோடு நின்றார். அரை மணி ஆயிற்று, வெள்ளைக் காகிதம். ஒரு மணி ஆயிற்று, அப்போதும் வெள்ளைதான். "அக்கா, சாயம் வீட்டுக்குப் போயிருச்சு போல" என்று கேலி செய்தோம். ஊற்றி இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் கழித்துத்தான் காகிதம் நீலமாக வந்தது.

பிறகு ஒன்பது நாள் உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதினார். தொட்டியின் மட்டத்தையும் கூழ் ஓடும் வேகத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து, இப்போது வரும் காகிதம் எப்போது கலந்த கூழ் என்று அது சொல்லும். கூட்ட அறையில் அந்த நாளின் பதிவை அதில் ஓடவிட்டார். மூன்று இருபதின் புள்ளிகள் ஒன்று பத்துக்குப் போய் நின்றன. முந்தைய ஷிப்டு.

அக்கா எழுந்தார். "ஒன்னு பத்துக்கு அந்த ரசாயன வால்வைத் திறந்தது நான்தான். மீட்டர் சரிபாக்கத் திறந்தேன், உடனே மூட மறந்துட்டேன். அவர் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க."

தோழர்களே, தன் தவற்றை மறைக்க ஒன்பது நாள் உழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தன் தவற்றை நிரூபிக்க ஒன்பது நாள் உழைத்தவரை எங்கே பார்ப்பேன்? "சாயம் வந்தப்பவே தெரிஞ்சிருக்குமே, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று பின்னர் கேட்டேன். "நான் சொன்னா, அவர் மேல பாவப்பட்டுச் சொல்றேன்னு நினைச்சிருப்பீங்க" என்றார். உண்மை. அப்படித்தான் நினைத்திருப்பேன். அவருடைய பதவி உயர்வு மூன்று ஆண்டு தள்ளிப்போனது. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

வீட்டிலும் இதே கதைதானாம். காரணமில்லாமல் ஏன் கோபம் என்று கணவர் கேட்டால், "முந்தாநேத்து என்ன பண்ணுனீங்கன்னு யோசிங்க" என்பாராம்.

சென்ற வாரம் கூழ் ஏற்றும் பம்பை மாற்றினோம். மென்பொருளுக்குள் அக்கா அளந்து வைத்த எண்கள் இனிச் செல்லாது. அவர் நினைவாக அவற்றை அப்படியே விட்டுவைக்கலாமா? அவரே திட்டுவார். நாளைக் காலை எட்டு மணிக்குச் சாயம் ஊற்றி மறுபடியும் அளப்போம். இனி எதை மாற்றினாலும் அளப்போம். அளக்காமல் ஒருவர் மீதும் பழி போட மாட்டோம். இது என் உறுதிமொழி.

கடைசி வரிசையில் நிற்கும் மீசைக்காரரே, பத்து நாள் நீங்கள் வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். வேலையைத் திருப்பிக் கொடுத்த நான், உங்களிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. பன்னிரண்டு ஆண்டு தாமதம். இப்போது கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள். நாளைக்குச் சாயத்தை உங்கள் கையால் ஊற்றுங்கள். அது வந்து சேரும்வரை, அக்கா நின்ற இடத்தில் நான் நிற்கிறேன்.