வழியில் தங்கியவர்களும் ஏறிய வாடகையும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சுந்தரராமன் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, மாலைச் சமையலைத் தள்ளிவைத்து வந்திருக்கும் தாய்மார்களே, பெசன்ட் நகர்க் குடியிருப்போர் சங்கத்துப் பெருமக்களே, வணக்கம்.

தீர்மானத்தைப் படித்தேன். இலங்கையிலிருந்து வந்து, கனடா விசாவுக்காக இங்கே சில மாதம் தங்கும் குடும்பங்களுக்கு இனி யாரும் வீடு தரக்கூடாதாம். அவர்களால்தான் வாடகை ஏறுகிறதாம். ஏறியது உண்மை. ஏற்றியது யார்?

முப்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவன் நான். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. மீன் விற்கும் லூர்துமேரியை நீங்கள் அறிவீர்கள். இந்தக் குடும்பங்கள் வந்தபின் அவர் கூடை பத்து மணிக்கே காலி. ஐ.எஸ்.டி. பூத் ஜவஹர் இரண்டாவது தொலைபேசி வாங்கிவிட்டார். தையல்காரருக்கு வேலை, ஆட்டோவுக்குச் சவாரி. வந்தவர்கள் வாங்கினார்கள், வாங்கியதால் நாம் வளர்ந்தோம். மறுப்பார் உண்டா?

அதே லூர்துமேரி கொட்டிவாக்கத்தில் அறுநூறு ரூபாய் வாடகைக்கு இருக்கிறார். சென்ற மாதம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். கனடா போகும் குடும்பம் ஒன்று ஆயிரத்தைந்நூறு தருமாம். லூர்துமேரி என்ன கேட்டார் தெரியுமா?

"இன்னா சார் இது? அவங்க மீன் வாங்குறதாலதான் என் வூட்ல அடுப்பு எரியுது. அவங்களுக்கோசரம் அந்த வூட்டையே வுடச் சொல்ற. நான் யார வாழ்த்துறது, யாரத் திட்டுறது?"

ஒரு கை கொடுத்தது. ஒரு கை பறித்தது. இரண்டும் ஒருவர் கைதானா?

பின்வரிசையில் சாய்நாத், "யார் சார் அந்த ஓனர்? பேரைச் சொல்லுங்கோ!" என்கிறார். பொறுங்கள், வருகிறேன்.

அந்த வீட்டைப் பார்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துத் தில்லையம்பலம். வீட்டுக்காரர் சொன்ன வாடகைக்குத் தலையாட்டினார். வழியில் நிற்பவருக்கு ஊர் விலையும் தெரியாது, பேரம் பேசப் பொழுதும் இல்லை. அவர் தலையசைப்பையே வீட்டுக்காரர் ஊர் விலை என்று எடுத்துக்கொண்டார். உள்ளே மீன்கூடையைப் பார்த்ததும் வந்தவர் நின்றுவிட்டார்.

"இதில இருக்கிற ஆக்கள் எங்க போவினம், ஐயா?"

"அது அவங்க பாடு."

"நாங்கள் வீட்டை விட்டு எழும்பி ஓடி வந்தனாங்கள். இன்னொருத்தரை எழுப்பிப்போட்டு அந்த வீட்டில எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெருமக்களே! வாடகை எவ்வளவு என்று கேட்டவர் வெளியூர். வாடகையைச் சொன்னவர் உள்ளூர். ஏற்றியது கனடா அல்ல, விசா அல்ல, யாழ்ப்பாணம் அல்ல. சாய்நாத், பேர் கேட்டீர்களே? உங்கள் முன் ஒலிபெருக்கியைப் பிடித்து நிற்கும் இந்த ராமானுஜம்தான் அந்த வீட்டுக்காரன்.

ஓரத்தில் கூடையோடு நிற்கும் லூர்துமேரி அம்மா, அதே வீட்டில், அதே அறுநூறுக்கு இருங்கள். என்ன சொல்கிறீர்கள்?

"அப்டியே கூரையில ஒடஞ்ச ஓட்டையும் மாத்திக் குடு சார், மழைக்கு ஒழுவுது!"

சிரிக்காதீர்கள், நியாயமாகத்தான் கேட்கிறார். மாற்றித் தருகிறேன் அம்மா.

தலைவர் அவர்களே, தீர்மானத்தை இப்படித் திருத்துங்கள்: வந்தவருக்கு வீடு தருவோம், இருப்பவரை எழுப்பித் தரமாட்டோம். பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி. திருத்தத்துக்காக உயரப்போகும் கைகளுக்கு இப்போதே என் வணக்கம்.