மங்கையை அழைத்துப்போக வந்தவர்கள்

மத்தியானம் பன்னிரண்டரை மணி. ஐம்பத்தொன்றாம் வருஷம், மே மாதம். எண்ணூர்ச் சாலையில் ஒரு காக்கைகூட இல்லை... சைக்கிளில் என் அண்ணன் மகன் அம்புரோஸ் மட்டும்.

சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளை எவனும் பொய் சொன்னதில்லை.

அம்புரோஸ் அப்போதுதான் டாக்டருக்குப் படித்து முடித்திருந்தான். மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு மாதப் பயிற்சி. அங்கே மங்கை என்றொரு மீனவப் பெண், எட்டு வருஷமாக உள்ளே. "எங்க வூட்ல நாலு பேரும் கீறாங்க, வந்து இட்டுகினு போவச் சொல்லு டாக்டரே" என்பாள். வேறு பிசகு கிடையாது. ஆனால் நோட்டில் எழுதியிருந்தது: 'வெள்ளத்தில் குடும்பமே போய்விட்டது. உயிரோடு இருப்பதாகச் சொல்கிறாள்.' அதுதான் அவள் நோய்.

அம்புரோசுக்குச் சந்தேகம். மானத்துக்குப் பயந்து, எல்லாரும் செத்துப்போனார்கள் என்று ஆள்விட்டுச் சொல்லிவிட்டு ஒதுங்குகிற குடும்பங்களும் உண்டு. உறவுக்காரர் கைநாட்டு இல்லாமல் அவளை வெளியே விடமாட்டார்கள். நோட்டில் இருந்த எண்ணூர் விலாசத்துக்கு நேரில் போய்ப் பார்க்கப் புறப்பட்டான்.

வார்டர் ரகுபதி கிண்டலடித்தான். "இன்னா சார், வந்து பத்து நாளு ஆவல... உங்களுக்கும் ஒரு பெட்டு போட்டுடவா?"

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் வீடு இருந்தது. வாசலில் மங்கையின் அப்பா. உள்ளே யாரோ ஈரத்துணி பிழியும் ஓசை... அந்த வெயிலிலும் சேற்று வாடை.

"இப்பத்தான் வழி தெர்ஞ்சுதா நைனா? பொண்ணு எங்கள மறக்கலியே?"

எதுவும் கேட்காமல் கைநாட்டு வைத்தார்.

அம்புரோஸ் பறந்து வந்தான். ஆட்கள் இருக்கிறார்கள். அப்படியானால் அவளுக்கு நோயே இல்லை! பெரிய டாக்டரும் காகிதத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

மறுநாள் நாலு பேரும் கேட்டருகே வந்து நின்றார்கள். மங்கை ஓடினாள். ஐந்து பேரும் போவதை அம்புரோஸ் நிறைந்த மனதோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் ரகுபதி முகம் வெளுத்து நின்றான்.

"சார்... யார் கூட அனுப்சீங்க? அந்தப் பொண்ணு தனியா பேசிகினு போவுதே..."

எங்கள் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அந்தக் கைநாட்டை நான் என் கண்ணால் கண்டேன்.

அம்புரோஸ் அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனான். கூரை இல்லை. இடுப்பளவுச் சுவர்... உள்ளே எவரும் இல்லை. மங்கையை அதற்குப் பிறகு யாருமே பார்க்கவில்லை.

தரையில் ஐந்து தட்டுகள், வட்டமாக. ஐந்திலும் ஈர மணல், குவித்துப் பரிமாறியபடி.

ஒன்றில் மட்டும் பாதி குறைந்திருந்தது.