சந்திரமதி அம்மாளின் கையொப்பம்

போர்ட் பிளேயரில் புகைப்படம் வைத்திருப்பவனுக்கு மழையைவிடப் பெரிய தொல்லை பூஞ்சை. மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர்வரை விடாது. அதனால் மின்னி பே பகுதியில் எனக்குக் கொடுத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில், மர அலமாரிக்குள் பல்பு ஒன்றை எரியவிட்டு அந்தச் சூட்டில்தான் என் படங்களை வைத்திருந்தேன். எல்லாம் பழைய சங்கீத வித்வான்களின் படங்கள். ஒவ்வொன்றிலும் அவரவர் கையொப்பம். கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சேர்த்தவை. கிளார்க் வேலை கிடைத்து இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறியபோது துணிமணியைவிட அவற்றைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

நான் முரடன் இல்லை, ஐயா. ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒருமுறை என் மனைவி மரகதம், தூசி படிந்திருக்கிறது என்று ஒரு பிடில் வித்வானின் படத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். கையொப்பம் நீலமாகக் கரைந்து அவருடைய வேட்டியில் வழிந்தது. நான் சத்தம் போடவில்லை. அவள் கையைப் பிடித்து அலமாரி விளிம்பில் வைத்து, கதவைச் சாத்தினேன். எலும்பு பிறகு கூடிவிட்டது. மோதிர விரல் மட்டும் மடங்குவதில்லை. கட்டு அவிழ்த்ததும் கப்பலில் மெயின்லேண்ட் போனவள் திரும்பி வரவில்லை. படங்களுக்கு அதன்பின் ஒரு குறையும் நேர்ந்ததில்லை.

அவற்றில் எனக்கு உயிர், சந்திரமதி அம்மாளின் படம். முப்பதுகளில் அவர் கச்சேரி என்றால் தஞ்சாவூர்ப் பக்கம் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். பிறகு திடீரென்று ஆளே இல்லை. இறந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். படத்தில் தம்பூராவை அணைத்தபடி கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருப்பார். தாடையில் ஒரு மச்சம். கீழ் மூலையில் கொடிபோல ஓடும் எழுத்தில் பெயர். அந்த எழுத்தை விரலால் காற்றில் எழுதிப் பார்ப்பேன். அந்த வளைவும் நெளிவும் பாட்டாகவே எனக்குக் கேட்கும்.

லாங் ஐலண்டில் வேலை பார்க்கும் சிவஞானம், ஊருக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருந்தபோது என் வீட்டில் தங்கினார். அந்தப் படத்தைப் பார்த்ததும் கையில் வாங்கிக்கொண்டார்.

"அரே, கோவிந்தராஜ் சார், இது நம்ம செல்லம் அக்கால்ல? மர மில்லுல வேலை பாக்குற குழந்தைவேலுவோட சம்சாரம். வயசாயிடுச்சு, ஆனா பில்குல் அதே மொகம். மச்சங்கூட அங்கயேதான் இருக்கு."

அடுத்த விடுமுறைக்கு லாங் ஐலண்ட் படகில் ஏறினேன். படத்தை மெழுகுத்துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தேன். மறுநாள் காலை விசாரித்துக்கொண்டு போனேன். தகரக் கூரை போட்ட வீடு. அந்த அம்மாள் வாசலில் நின்றிருந்தார்.

"போர்ட் பிளேர்லேருந்தா வர்றீங்க? கடல்ல ரொம்ப ஆட்டிருக்குமே. உக்காருங்க தம்பி" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

நான் படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"ஊர்ல வாங்கினேன்மா. நீங்க கையெழுத்துப் போட்டது."

அவர் சிரித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது தம்பி. ரேஷன் கடையில கைநாட்டுதான் வைக்கிறேன். இது என்னைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா போனானே, அந்த ஆர்மோனியக்காரன் போட்டது. எல்லாப் படத்துலயும் அவந்தான் போடுவான். அதுக்கு மொத நாள் அவன் அடிச்ச அடியில எனக்குக் கழுத்து நேரா நிக்கல. சாஞ்சு உக்காந்திருக்கேன் பாருங்க. எங்க வீட்டுக்காரரோட கப்பல் ஏறினப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

நான் மரியாதையாகத்தான் பேசினேன். கைநாட்டாக இருந்தாலும் போதும், படத்தின் மேல் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். பையிலிருந்த மைப்புட்டியைக்கூட எடுத்தேன்.

"வேணாம் தம்பி. அந்தப் பொம்பள செத்துப் போயிட்டா. நான் செல்லம். இத வச்சிக்கிட்டு ஊரெல்லாம் காட்டாதீங்க, என்னை இங்க நிம்மதியா இருக்க விடுங்க."

படத்தோடு எழுந்து உள்ளே போனார். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இளநீர் வெட்டிய கத்தி வாசற்படியில் கிடந்தது. முதல் வெட்டு தோளில் விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுகூட ஓட நினைக்கவில்லை. படத்தை நெருப்பில் போடத்தான் குனிந்தார். அதனால் அடுத்த வெட்டைக் கழுத்தில் போட வேண்டியதாயிற்று. அதற்குமேல் எத்தனை என்று எனக்கு நினைவில்லை. டாக்டர் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருக்கும். படத்தைத் தணலிலிருந்து எடுத்துவிட்டேன். கீழ் மூலை மட்டும் கருகியிருந்தது. ஆர்மோனியக்காரனின் எழுத்து போனதில் எனக்கு வருத்தமில்லை.

மில்லில் சங்கு ஊதிற்று. குழந்தைவேலு சாப்பாட்டுக்கு வந்தார். "செல்லம், யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவர், பார்த்தார். அந்த அம்மாளை நோக்கித் தவழ்வதுபோலப் போனார், மடியில் தூக்கி வைத்துக்கொள்ள. குழந்தைவேலுமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என் வேலை முடிந்திருக்கவில்லை, அவர் குறுக்கே இருந்தார். பிழைத்துக்கொள்வார், வலது கையைத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றீர்கள். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

பிறகு அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய விரல்களை முந்தானையால் துடைத்தேன். ஆபீசில் கைநாட்டு வாங்கி எனக்குப் பழக்கம் உண்டு. கட்டைவிரலை ஓரத்திலிருந்து மெதுவாக உருட்ட வேண்டும். அழுத்தினால் ரேகை அப்பிவிடும். மைப்புட்டி வாசலிலேயே இருந்தது. அது தேவைப்படவில்லை.

கொன்றது நான்தான், ஐயா. குழந்தைவேலுவை வெட்டியதும் நான்தான். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாள் கடைசிவரை சம்மதிக்கவில்லை என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திருத்த வேண்டும். படம் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இஷ்டமில்லாதவர் வைத்த ரேகையில் நடுக்கம் தெரியும். இவர் கை கொஞ்சங்கூட நடுங்கவில்லை.