கொலைகாரன் பதவி

எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் ஒரு மாலை. செக்ரட்டேரியட்டிலிருந்து ஜனக்புரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தமிழர்கள். மடியில் டிபன் டப்பாவும் ஒரு கத்தைத் தாளும் வைத்திருந்த ஒல்லியானவர் திடீரென்று சொன்னார்:

“அண்டர் செக்ரட்டரி கொலை பண்ணக் கூடாதாம், சார்.”

பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரர் திரும்பினார். “யார் சொன்னது?”

“எங்க ஆபீஸ்லதான். கவர்மென்ட் வேலையாச்சே, என் கதையை மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்ப பர்மிஷன் கேட்டிருந்தேன். மேல இருக்கறவங்களுக்குத் தமிழ் தெரியாதே, இங்கிலீஷ்ல சுருக்கம் எழுதி வெச்சேன். முதல் பாராவுலயே கொலைகாரன் யாருன்னு சொல்லணும்னுட்டாங்க.”

“மர்மக் கதையாச்சே!”

“ஃபைல்ல மர்மம் வெக்க முடியுமா சார்? அண்டர் செக்ரட்டரின்னு எழுதினேன். பதவிக்கு இழுக்குன்னு எங்க அண்டர் செக்ரட்டரி திருப்பி அனுப்பிட்டார். செக்‌ஷன் ஆபீசரா மாத்தினேன். அந்த ஆபீசர் கையெழுத்தே போட மாட்டேன்னுட்டார்.”

“ஒரு கிளார்க்கா மாத்திட வேண்டியதுதானே?”

“யூனியன்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க.”

“செத்தது யாரு?”

“வேற டிபார்ட்மென்ட்லேர்ந்து டெபுடேஷன்ல வந்தவர். அவருக்காக யாரும் ஒரு வார்த்தை எழுதலை.”

“அச்சா. இப்போ ஃபைல் எங்கே?”

“இன்னிக்குத்தான் கீழ இறங்கி வந்தது. தீபாவளி மலருக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. கொலை நடந்தது நடந்தபடியே இருக்கட்டும், கொலைகாரனை அப்புறமா நியமிச்சுக்கலாம்னு உத்தரவு.”

கண்ணாடிக்காரர் யோசித்தார். பஸ் திலக் நகரைத் தாண்டியது. பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

“ப்ரமோஷன்லயா, டைரக்ட் ரெக்ரூட்மென்ட்லயா?”