சார்ந்திருப்பவரின் கையெழுத்து

...விசா பாரத்துல 'சார்ந்திருப்பவர்'னு போட்டிருக்கான்! யாரு? நானு! என்னமோ மரத்துல ஒட்டிக்கிட்டு வளர்ற செடிய சொல்ற மாதிரி! ஸ்ட்ரைக் பண்ணி ஒரு மில்லையே இழுத்து மூட வெச்சவன், தம்பி, நான். இல்ல, மொதலாளிதான் மூடினான்... அது வேற கத. அந்தப் பைய கொஞ்சம் எடுங்க, உக்காந்துக்கறேன்.

என் வீட்டுக்காரி இருக்கா பாருங்க, அவ 'முதன்மை விண்ணப்பதாரர்'. வெளிநாட்டுத் தையல் கம்பெனி ஒண்ணு அவள மேற்பார்வைக்குக் கூப்பிட்டுச்சு, போயிட்டா. கூப்பிட்ட கம்பெனி 'ஸ்பான்சர்'. அவ பின்னால போற நான் 'சார்ந்திருப்பவர்'. அதாவது கம்பெனி எஞ்சின், அவ பெட்டி, நான் பெட்டிக்குள்ள மூட்டை! சிரிங்க, சிரிங்க. நீங்க படிக்கப் போறீங்களா? ஒங்ககிட்ட 'நிதி ஆதாரம்' கேப்பாங்க. அப்பன் சொத்தக் காட்டுன்னு அர்த்தம். துண்டறிக்கை படிச்சுப் படிச்சே தமிழ் கத்துக்கிட்டவன் நான், எனக்கே இந்த வார்த்தைங்க நாக்குல ஒட்டல.

'பயோமெட்ரிக்'னாங்க. பெருசா என்னமோன்னு சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வந்தா... கைரேகை! என் ரேகை இல்லாத போலீஸ் ஸ்டேஷனே கெடையாது, அங்கயே கேட்டு வாங்கிக்கங்கன்னேன். கவுண்டர்ல இருக்கற அந்தம்மா சிரிக்கவே இல்ல.

'நிலுவையில் உள்ளது'ன்னா? நல்லா கேட்டீங்க. தூக்கவும் மாட்டான், கீழ எறக்கவும் மாட்டான், அதான் நிலுவை. 'திருப்பி அனுப்பப்பட்டது' வேற, 'நிராகரிக்கப்பட்டது' வேற. திருப்பி அனுப்பினா கதவு சும்மா சாத்தியிருக்கு, தட்டலாம். நிராகரிச்சா பூட்டிட்டான். என்னுது ரெண்டு தடவ திரும்பிடுச்சு. இன்னைக்கும் தப்பினா பூட்டுதான்னு அந்தம்மா கறாரா சொல்லிட்டாங்க.

வீட்டுக்காரி போன்ல என்ன சொன்னா தெரியுமா? "நீங்க ஸ்ட்ரைக்கு, ஜெயிலுன்னு திரிஞ்சப்பல்லாம் என் மிஷின்தான் சோறு போட்டுச்சு. அப்ப உறுத்தாதது இப்ப ஒரு வார்த்தையில உறுத்துதா? வந்து சேருங்க, தனியா உக்காந்து சாப்பிட முடியல"ன்னா. போன வெச்சுட்டு நேரா இங்க வந்துட்டேன்.

ஏன் திரும்பிச்சா? அது... ஒரு சின்ன விஷயம். கடைசியில 'உறுதிமொழி'ன்னு இருக்கும், மேல சொன்னதெல்லாம் உண்மைன்னு கையெழுத்து போடணும். எங்க சங்கத்துல ஒரு பழக்கம் தம்பி. நிர்வாகம் எந்தத் தாள நீட்டினாலும் சரி, 'எதிர்ப்புடன்'னு எழுதிட்டுத்தான் கீழ பேரு போடுவோம். நாளைக்கு கோர்ட்டுல நிக்கும்ல? அதே மாதிரி இதுலயும்... ரெண்டு தடவையும். நீங்க சொன்னது உண்மைங்கறத நீங்களே எதிர்க்கறீங்களான்னு அந்தம்மா கேக்கறாங்க. நியாயமான கேள்விதான்.

இன்னைக்கு பேரு மட்டும். பேரு மட்டும்தான்.

ஆங், என் நம்பர் கூப்பிடறாங்க. பேனாவ குடுங்க. நான் எழுதறப்ப பக்கத்துல நின்னு என் கைய மட்டும் கொஞ்சம் புடிச்சு... தம்பி? அட, எங்க போறீங்க? அந்தப் பக்கம் ஃபேன் ஓடாது! ம்... ஒரு தோழமை கெடையாது இந்தக் காலத்துல.

வணக்கம்மா. குடுங்க. எங்க, இங்கதானே? பாருங்க, பேரு மட்டும்... பேரு...

அம்மா... வேற தாள் ஒண்ணு இருக்குமா?