நாணைப் பிடித்திருந்த நேரம்

இந்த அக்டோபரில் மேப்பிள் இலைகள் சீக்கிரமே உதிர்ந்துவிட்டன. சுப்பீரியர் ஏரிப் பக்கம் காற்று அதிகம். காட்டுக்குள் வெகுதூரம் பார்வை போயிற்று. அதனால் யார் எங்கே நின்றார்கள் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

ரூடி என் மனைவி ஐலாவின் தம்பி. நானும் அவனும் ஒரே காட்டில்தான் மான் வேட்டையாடினோம். என்னுடையது மரத்தில் செய்த நெடுவில். இழுத்தால் முழுப் பாரமும் விரலில் நிற்கும். ஒரு மூச்சுக்குள் விட்டுவிட வேண்டும். அவனுடையது காம்பவுண்ட் என்று கடையில் விற்கும் நவீன வகை. நுனிகளில் உருளைகள், குறிபார்க்க ஒரு புள்ளி, விடுவதற்கு விசை. முழுக்க இழுத்ததும் உருளைகள் திரும்பிப் பாரத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். அதை வில் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

போன வருடம் என் அம்பு ஒரு பெண்மானின் வயிற்றில் பாய்ந்தது. தோள் ஏற்கெனவே கெட்டிருந்தது, கை ஆடிவிட்டது. இருட்டும்வரை தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் ரூடிதான் சதுப்பில் அதைக் கண்டான். உயிர் இருந்ததாம். அவன் முடித்துவைத்தான். அந்த வாரமே மதுக்கடையில், எல்லார் முன்னாலும், "எங்க மச்சான் மானைக் கொல்றதில்லப்பா. குத்துயிரா விட்டுட்டு வந்து இங்க பீர் குடிப்பாரு" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் ஐலா, "அவன் சொன்னதுல என்ன தப்பு?" என்றாள்.

அவன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சனிக்கிழமை காலை ஏலக்காய் ரொட்டியும் தன் பழைய காம்பவுண்டும் எடுத்துக்கொண்டு வந்தான். என் தோளுக்கு ஏற்றபடி பாரத்தைக் குறைத்து வைத்திருந்தான்.

"இந்தாங்க, இனிமே இது உங்களோடது. வீம்பு புடிக்காம ஒரு தடவ இழுத்துப் பாருங்க."

"விளையாட்டுச் சாமான்."

"இருந்துட்டுப் போகட்டும். மான் பொட்டுனு விழும்ல?"

காட்டோரத்தில் வைக்கோல் கட்டை நிறுத்தினான். நான் விட்ட அம்பெல்லாம் நடுவிலேயே போய்க் குத்தின. "இத்தன வருசத்த வீணாக்கிட்டீங்களே மச்சான்" என்று சிரித்துக்கொண்டே அவற்றைப் பிடுங்கப் போனான்.

என்னிடம் ஓர் அம்பு மிச்சம் இருந்தது. இழுத்தேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். முதலில் சிரித்தான். "எறக்குங்க. இதுல வெளையாடக் கூடாது." பிறகு சிரிக்கவில்லை. "கடையில பேசினதுக்கா? சும்மா சொன்னேன் மச்சான். மன்னிச்சிருங்க. அக்காவ நெனச்சுப் பாருங்க."

நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். கை நடுங்கவில்லை. என் நெடுவில்லாக இருந்திருந்தால், அவன் வாய் திறக்குமுன்பே கை தளர்ந்து அம்பு எங்காவது மண்ணில் போயிருக்கும். அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடியது என் வில். அதைத்தான் அவன் கேலி செய்தான்.

விசையில் விரல் பட்டது, அம்பு அவன் மேல் பாய்ந்தது. அவன் என் பக்கமாகச் சில அடி நடந்து வந்து உட்கார்ந்தான். அக்கா என்றான். அடிபட்ட மானை உடனே நெருங்கக்கூடாது என்பது வேட்டையில் எங்கள் வழக்கம். மிரண்டு எழுந்து ஓடப் பார்க்கும், அவதி கூடும். அதனால் கையில் இருந்ததைக் கிளையில் மாட்டிவிட்டு, தள்ளி உட்கார்ந்து ரொட்டியைத் தின்றேன். அவன் அடங்கிய பிறகுதான் போலீசுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டேன்.

வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்கிறீர்கள். கொன்றது அந்த இயந்திரம் என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது. ஒருமுறை இழுத்துவிட்டால் விட்டுத்தானே ஆக வேண்டும்.

இல்லை, அது சரியில்லை. அன்று காலை அவன் முதலில் சொல்லிக்கொடுத்ததே, இழுத்த நாணை அம்பு விடாமல் மெல்ல இறக்குவது எப்படி என்பதைத்தான். நானும் செய்துகாட்டினேன்.

"அவ்வளவுதான் மச்சான், ரொம்ப சுலபம்" என்றான்.