வியட்நாம்காரி சாகாத கதை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். மேலகரம் வந்ததும் அந்த அம்மா கேட்டார்:

"அந்த வியட்நாம்காரி செத்துட்டான்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

"மருமவதான். நேத்து போன்ல அவ நடிச்ச அந்தப் படத்தப் போட்டு, கீழ ஓடுத இங்கிலீஷ எனக்குத் தமிழ்ல வாசிச்சுச் சொன்னா. கடைசில குண்டு பட்டுச் செத்துருதாளாம். நீங்க வாசிக்கையில மயக்கம்னுல்லா சொன்னீங்க?"

"நீ அழுவியேன்னுதான்."

"அதுக்கு முந்தின படத்துல?"

"அதுலயும் காய்ச்சல்ல போயிட்டா."

"அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னீங்க!"

"ஏட்டி, அவ முப்பது வருசமா நடிக்கா. காதலியா வந்தா, பட்டாளத்தான் பொண்டாட்டியா வந்தா, இப்ப அம்மாவா வருதா. அவ சாகுத சீன்ல அந்த நாடே அழுமாம். அதுக்குத்தான் அத்தன விருதும். நான் என்ன செய்ய?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியிலேயே நின்றும் போனது.

"அப்ப நீங்க காஷ்மீர் பட்டாளத்துல இருந்து போட்ட லெட்டரெல்லாம்? 'இங்கன ஒரு பயமும் இல்ல, நல்லாச் சாப்பிடுதோம்'னு எழுதுவீங்களே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குத்தாலம் வந்துட்டு. எந்தி."

படியில் இறங்கும்போது அந்த அம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த படத்த நீங்களே வாசிங்க. மருமவ வேண்டாம்."